சீனரை வெளியார் வியப்பது: மதிப்பா, மயக்கமா?

வாசகர் கேள்வி — 9 பிப்ரவரி 2025

சென்ற மாதம் அமெரிக்காவில் டிக்டாக் செயலிக்குத் தடை வருகிறது என்றவுடன், அங்குள்ள இளைஞர்கள் திரள் திரளாகச் சீனத்தின் சியாவோஹோங்ஷு செயலிக்குள் குடியேறி, சீனர்களின் சமையலையும் ரயில்களையும் விருந்தோம்பலையும் வாயாரப் புகழ்ந்ததைப் பார்த்தோம். என் கட்சி இதுதான்: வெளியார் சீனரை மனமார வியக்கத் தொடங்கியதே இப்போதுதான்; இதற்கு முன் இருந்தவை அச்சமும் ஏளனமும் மட்டுமே. மறுப்பவர் உண்டா?

10 பிப்ரவரி, காலை

மறுக்கிறேன். இந்த வியப்புக்கு வயது 300 ஆண்டுகளுக்கு மேல். 1697-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ், சீனத்திலிருந்து பாதிரிமார் அனுப்பிய செய்திகளைத் தொகுத்து வெளியிட்டார். நம் ஊரில் ஒழுக்கம் கெட்டுக் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால், நாம் அவர்களுக்கு வேதம் சொல்ல ஆள் அனுப்புவதுபோல், வாழும் நெறியை நமக்குச் சொல்லித்தர அவர்களிடமிருந்து ஆள் வரவழைக்க வேண்டும் என்ற பொருள்பட அதன் முன்னுரையில் எழுதினார். ஐரோப்பா ஒன்பதாண்டுப் போர் ஒன்றை அந்த ஆண்டில்தான் முடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தவர் இன்னொரு ஜெர்மானிய மெய்யியலாளர், கிறிஸ்டியன் வொல்ஃப். 1721 ஜூலையில் ஹாலே பல்கலைக்கழகத்தில், தாம் வகித்த நிர்வாகப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் விழாவில், கன்ஃபூசியஸின் நெறியைப் புகழ்ந்து உரையாற்றினார். வேத வெளிப்பாட்டின் துணை இல்லாமல், அறிவை மட்டுமே கொண்டு ஒரு மக்கள் கூட்டம் அறத்தை எட்டியிருக்கிறது என்பது அவர் வாதம். பொறுப்பை ஏற்றுக்கொள்ள வந்திருந்தவரோ யோவாக்கிம் லாங்கே என்ற இறையியல் பேராசிரியர். அந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டு இழுபறிக்குப் பிறகு, 1723 நவம்பரில், 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் தூக்கு என்று பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் வொல்ஃபுக்கு ஆணையிட்டார்.

இதே மன்னர்தான் 1717-இல் தம் அரண்மனையிலிருந்த 151 சீனப் பீங்கான் கலங்களைப் பக்கத்து நாடான சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 600 குதிரைப்படை வீரர்களை வாங்கிக்கொண்டவர். அகஸ்டஸுக்குச் சீனம் ஜாடியாகத் தெரிந்தது. மன்னருக்கு அந்த ஜாடி சிப்பாயாகத் தெரிந்தது. வொல்ஃபுக்கோ சீனம் ஒரு பிரம்பு. என் எண்ணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளியார் சீனரைப் புகழ்ந்தபோதெல்லாம் அவர்கள் கண் சீனத்தின்மீது இருக்கவில்லை. சொந்த வீட்டாரை அடிப்பதற்குப் பக்கத்து வீட்டில் பிரம்பு இரவல் வாங்கினார்கள்.

10 பிப்ரவரி, இரவு

காலையில் அவசரத்தில் விட்டுப்போன ஒன்று. ஹாலே என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்காரர் இவ்வளவு எளிதாகக் கடந்துபோகக் கூடாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் பின்புலம் அதே ஹாலேயின் புராட்டஸ்டன்ட் பக்தி இயக்கம்தான். பெர்லினில் அவருக்கு ஆசிரியராக இருந்தவரும் மேலே சொன்ன லாங்கேதான். சீகன்பால்கு தமிழ் கற்று, 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பியபோது, புறச்சமயத்தை வேரறுக்க உங்களை அனுப்பினோமே தவிர, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற நோக்கில் அங்கே அந்த இயக்கத்தின் தலைவராக இருந்த ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

ஆக, தமிழரைப் பற்றிய கையெழுத்துப்படியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய அதே வளாகம்தான், பத்தாண்டுக்குள், சீனரைப் புகழ்ந்த பேராசிரியரை ஊரைவிட்டு விரட்டியது. இரண்டிலும் சிக்கல் ஒன்றே. தொலைவில் இருப்பவரிடம் நல்லது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், நம்மிடம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி வந்ததன் கதி என்ன?

13 பிப்ரவரி

சீனம் என்ற சொல்லைத் தமிழ் இணையத்தில் எழுதினால் ஐந்தாம் மறுமொழிக்குள் போதிதர்மர் வந்துவிடுவார் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. இங்கே மூன்றாவதிலேயே வந்துவிட்டார். அவரை வணங்கி, வாயிலில் அமரவைத்துவிட்டு மேலே செல்கிறேன். அவருடைய கதை, சீனர் அந்நியர் ஒருவரை வியந்த கதை; நாம் பேசுவது அதன் எதிர்த்திசை.

16 பிப்ரவரி

பிரம்பு என்று சொன்னதற்கு ஒரு நண்பர் கோபித்துக்கொண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை முன்னிறுத்துகிறார். வால்டேர் சீனத்தைப் போற்றியது உண்மை. 1755-இல் பாரிசில் சீன நாடகம் ஒன்றைத் தழுவி மேடையேற்றினார். உலக வரலாறு எழுதத் தொடங்கியபோது யூதரிடமிருந்து தொடங்காமல் சீனரிடமிருந்து தொடங்கினார். ஆனால் அவர் சீனத்தைப் பார்த்ததில்லை. அவர் பெரிதும் நம்பிய, 1735-இல் வந்த நான்கு தொகுதிச் சீன விவரணையைத் தொகுத்த தூ ஆல்ட் பாதிரியாரும் பார்த்ததில்லை. ஒருவர் பாரிசில் இருந்தபடி கடிதங்களிலிருந்து எழுத, இன்னொருவர் அதைப் படித்துத் தம் நாட்டுத் திருச்சபையைக் குத்தினார். இதைத்தான் பிரம்பு என்றேன்.

போய்ப் பார்த்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு கதை. ஃபூக்கே என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் 1699-இல் சீனம் சென்று, இருபதாண்டுக்கு மேல் அங்கே இருந்து, சீனத்தின் பழம்பெரும் நூல்களில் கிறித்தவ மெய்ம்மைகள் மறைபொருளாகப் புதைந்து கிடக்கின்றன என்று நம்பியவர். வியப்பு என்றால் அப்படி ஒரு வியப்பு: சுமார் 4000 சீன நூல்களைச் சேர்த்துக்கொண்டு 1722-இல் கப்பலேறினார். அவற்றைப் படியெடுக்க ஆள் வேண்டுமே என்று, குவாங்ஜோவில் பாதிரிமார் வீட்டில் வாயிற்காவலராக இருந்த, ஞானஸ்நானம் பெற்ற ஹூ என்பவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டார். ஹூவுக்கு நாற்பது வயது இருக்கும், மனைவியை இழந்தவர், பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது.

பிரான்சில் இறங்கியபின் ஹூ படியெடுக்கவில்லை. சொல்லாமல் எங்கேயோ நடந்துபோவார். தேவாலயத்தில் ஆணும் பெண்ணும் கலந்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சிறு கொடி ஒன்றைச் செய்து, பறை அடித்து, ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று பாரிசுத் தெருவில் சீன மொழியில் முழங்கினார். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. ஃபூக்கேவுக்கு ரோமுக்குச் செல்லும் அவசரம். 1723-இல் ஹூவை ஷாரன்டோன் மனநோய் இல்லத்தில் அடைக்க ஏற்பாடு செய்துவிட்டு, நூல்களின் கவலையோடு புறப்பட்டார். இரண்டரை ஆண்டு ஹூ அங்கே கிடந்தார். சீனம் பேசத் தெரிந்த பாதிரியார் ஒருவர் வந்து பார்த்தபோது ஹூ கேட்டது ஒன்றுதான்: என்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள்?

4000 நூல்களில் ஒளிந்திருந்த பொருளையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவருக்கு, உடன் வந்த ஒரு மனிதர் என்ன சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்க நேரம் கிடைக்கவில்லை.

17 பிப்ரவரி

நேற்றைய கடைசி வாக்கியத்தை இன்று படித்தபோது, கொஞ்சம் மேடைத்தனமாக எழுதிவிட்டேன் என்று பட்டது. ஹூவுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்திருக்கலாம்; மொழி தெரியாத ஊரில் தனித்து விடப்பட்ட துயரமே அப்படி வெளிப்பட்டிருக்கவும் கூடும். நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு, ஃபூக்கே தம்மை நியாயப்படுத்திக்கொள்ள எழுதிவைத்தவை. அவர் எழுதியதைக் கொண்டே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹூ 1726-இல் உயிரோடு குவாங்ஜோ திரும்பி, தமக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டு உரக்கச் சத்தம் போட்டார் என்பது மட்டும் எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

23 பிப்ரவரி

என் பிரம்புக் கோட்பாட்டுக்கு நானே ஓட்டை போட வேண்டியிருக்கிறது. ஹூவுக்கு முன்பே பாரிசில் ஒரு சீனர் வாழ்ந்தார். ஆர்க்காடியோ ஹுவாங் என்ற அவர் பாதிரியார் ஒருவருடன் ஐரோப்பா வந்து, அரச நூலகத்தின் சீன நூல்களைப் பட்டியலிடும் வேலையில் அமர்ந்து, பாரிசுப் பெண் ஒருவரை மணந்து, 1716-இல் அங்கேயே இறந்தார். 1713-இல் அவரைத் தேடிச் சென்று, சீனத்தின் சட்டம், தண்டனை, குடும்பம், சமயம் என்று கேள்விமேல் கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்ட இளைஞர் ஒருவர் உண்டு. பின்னாளில் பெரும் பெயர் பெற்ற பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூதான் அவர்.

1748-இல் வெளிவந்த தம் பெரும் சட்ட நூலில் மொந்தெஸ்கியூ என்ன எழுதினார்? சீனம் ஒரு கொடுங்கோலாட்சி, அதன் அடிப்படை அச்சம், அதை ஆள்வது தடி என்றார். சீனர் ஒருவரோடு நேரில் அமர்ந்து பேசியவர் குறை சொன்னார்; நூல்களை நம்பியவர் புகழ்ந்தார்! நெருங்கிப் பார்த்தால் மதிப்பு வரும் என்று நான் சொல்லாமல் சொல்லிவந்தது இங்கே கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்தது கவிழ்ந்ததாகவே இருக்கட்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். ஒரு மனிதரைத் தேடிப்போய், உங்கள் ஊரில் திருடனுக்கு என்ன தண்டனை, விதவையின் நிலை என்ன என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வது, அவரைக் கூண்டுப் பறவையாகவோ ஞானியாகவோ நினைப்பவர் செய்கிற வேலை இல்லை. புகழ்ச்சியும் மதிப்பும் வேறு வேறு என்று எழுத இத்தனை நாள் ஆயிற்று.

2 மார்ச்

என் சொந்த அனுபவம் கேட்கிறார்கள். 2015 முதல் 2018 வரை குவாங்டோங் மாநிலத்தின் ஃபோஷான் நகரில் டைல்ஸ் கொள்முதல் வேலையில் இருந்தேன். மண்ணைச் சுட்டு விற்கும் தொழில் அந்த ஊருக்குப் புதிதன்று. நகருக்குள்ளேயே மிங் காலத்துச் சூளை ஒன்று இன்னும் அணையாமல் எரிகிறது. போன முதல் ஆண்டில் என்னைப் போல் சீனரைப் புகழ்ந்தவர் இருக்க மாட்டார். இவர்கள் உழைப்பு, இவர்கள் ஒழுங்கு, தேநீர் ஊற்றினால் மேசையில் இரு விரல் தட்டி நன்றி சொல்லும் நாகரிகம் என்று ஊருக்கு வாரம் ஒரு மடல். எங்களுடையது அப்படி, இவர்களுடையது இப்படி என்று ஒவ்வொரு மடலிலும் நம் ஊருக்கு ஓர் அடி விழும். அன்று என் கையில் இருந்ததும் இரவல் பிரம்புதான்.

ஒரு ஜூலை மாத நண்பகலில் கன்டெய்னர் ஏற்றும் முற்றத்தில் நின்றேன். வெயில் தலையைப் பிளந்தது. சுமையேற்றும் ஆட்கள் ஆறேழு பேர் தகரக் கூரையின் நிழலில் குந்தி, எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்த வெயிலிலும், இந்தச் சுமையிலும் மனம் கோணாமல் சிரிக்கத் தெரிந்த மக்கள் என்று, உடன் வந்திருந்த தொழிற்சாலைக் கணக்காளர் அம்மையாரிடம் ஆங்கிலத்தில் பாராட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு விளக்கினார். அவர்களுக்குக் கூலி பெட்டிக் கணக்கில். உள்ளிருந்து பெட்டி வரவில்லை, அதனால் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணம், காலையிலிருந்து நீங்கள் ஒவ்வொருவரிடமும் சென்று டைல்ஸ் விற்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது.

சீனத்தில் ‘மாய்’ என்ற ஓசையை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்குதல். மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்றல். ஒரு டைல்ஸ் தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு, டைல்ஸ் விற்க வந்திருக்கிறேன் என்று நாள் முழுதும் முழங்கியிருக்கிறேன். கொடியும் பறையும் மட்டும்தான் இல்லை.

இது நடந்து ஓரிரு ஆண்டு கழித்து, ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1922-இல் சீனம் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது திடுக்கிட்டேன். அவர் 1920, 21-இல் பீக்கிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், விரிவுரை ஆற்றப் போனவர். மேற்கு ஏரியில் ஒரு வெயில் நாளில் தங்களைப் பல்லக்கு நாற்காலியில் தூக்கிச் சென்றவர்கள், பத்து நிமிடம் இளைப்பாற விட்டவுடன் வரிசையாக உட்கார்ந்து, புகைக்குழாயை எடுத்து, உலகில் ஒரு கவலையும் இல்லாதவர்களைப் போல் சிரித்துப் பேசினார்கள் என்று வியந்திருந்தார். நூறாண்டு இடைவெளியில் அதே வெயில், அதே சிரிப்பு, அதே அசட்டுத்தனம். அவர் பெரிய மேதை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

3 மார்ச்

திருத்தம். மேற்கு ஏரி என்று நேற்று எழுதியது ரஸ்ஸல் சொன்னதில்லை. அவர் பக்கத்தில் இருப்பது கரடுமுரடான ஒரு குன்றுப் பாதை மட்டுமே. மேற்கு ஏரி என்று சொல்பவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1925-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு, ரஸ்ஸல் வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம் என்று முதலில் இடம் கொடுத்துவிட்டு, பல்லக்குத் தூக்குபவர்கள் தாங்கள் சுமப்பவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வல்லவராக இருந்திருந்தால், சீனம் எப்போதோ இப்போதைய சீனமாக இல்லாமல் போயிருக்கும் என்கிறார். இரண்டையும் நினைவில் கலந்துவிட்டேன்.

அந்தக் கட்டுரையைத் தொட்டுவிட்டதால் இன்னும் கொஞ்சம். லூ சுன் சீனத்தைப் புகழும் அந்நியரை வகை பிரிக்கிறார். அறியாமல் புகழ்பவரை மன்னிக்கலாம். உயர்ந்த இடத்தில் அமர்ந்து சொகுசாக வாழ்ந்து மதி மயங்கிப் புகழ்பவரையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதவர் இரண்டு வகை. சீனர் தாழ்ந்த இனம், அவர்களுக்கு இந்தப் பழைய நிலையே தகும் என்று எண்ணி வேண்டுமென்றே பழமையைப் பாராட்டுபவர் முதல் வகை. தங்கள் பயணம் சுவைக்க வேண்டும் என்பதற்காக, சீனத்தில் சடைப்பின்னலும் ஜப்பானில் மரச்செருப்பும் கொரியாவில் அந்தத் தொப்பியும் அப்படியே இருக்க வேண்டும் என்பவர் இரண்டாம் வகை.

ஃபோஷானில் நான் எந்த வகை? முதல் மன்னிப்புக்கு விண்ணப்பம் போடுகிறேன். ஆனால் பழைய தேநீர்க் கடை ஒன்றை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியபோது, ஐயோ, இந்த ஊரின் அழகு போயிற்றே என்று கணக்காளர் அம்மையாரிடம் புலம்பியதும், அந்தக் கடையில் கழிப்பறை இல்லை என்பதை நீங்கள் கவனித்ததில்லையா என்று அவர் கேட்டதும் நினைவுக்கு வருகின்றன.

15 மார்ச்

புகழப்படுவது எப்படி இருக்கும் என்று ஃபோஷானில் எனக்கும் காட்டினார்கள். 2017 மே மாதத்தில் தங்கல் படம் சீனத் திரையரங்குகளில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அதன்பின் நான் ஏறிய டாக்சிகளில் எல்லாம் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, இந்தியரா, அமீர் கான், நல்லது, நல்லது என்று கட்டைவிரலைத் தூக்குவார். உங்கள் நாட்டில் எல்லாரும் ஆடிப் பாடுவீர்கள், கணக்கில் புலிகள், யோகா செய்வதால் உடம்பு வளையும் என்று அடுக்குவார்கள். எனக்கு ஆடத் தெரியாது. கணக்குக்குத்தான் அந்த அம்மையாரை நம்பியிருந்தேன். குனிந்து பெட்டி எண் படித்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதல் பத்து முறை மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, பின் இருக்கையில் நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அந்த ஓட்டுநர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் சொன்னது அன்பாகத்தான். அந்த அன்பு என் தலைக்கு மேல் தாண்டி வேறு யாரையோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவே.

16 மார்ச்

அப்படியானால் இந்தியர் சீனரைப் புகழ்ந்தது எப்படி என்று கேட்டவருக்கு: தாகூர் 1924-இல் சீனம் சென்று, கீழை நாட்டு ஆன்மிகத்தைப் போற்றி, மேற்கின் இயந்திர நாகரிகத்தை எச்சரித்தார். பீக்கிங்கில் பிறந்தநாள் கொண்டாடி அவருக்குச் சீனப் பெயர் சூட்டினார்கள். இளைஞர் சிலரோ அவர் கூட்டங்களிலேயே எதிர்ப்புத் துண்டறிக்கை கொடுத்தார்கள். இயந்திரமும் அறிவியலும் இன்றி நாடு சிதைகிறது என்று தவித்தவர்களிடம் போய், உங்களிடம் இருப்பதே மேலானது என்று சொன்னால் வேறென்ன கிடைக்கும்? ஆனால் தாகூர் அதோடு கைகழுவவில்லை. தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞரை வரவழைத்து 1937-இல் சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் திறந்தார். தான் யுன்-ஷான் பல பத்தாண்டுகள் இந்தியாவிலேயே வாழ்ந்து, இங்கேயே இறந்தார். முற்பகுதிக்குத் திட்டும்போது பிற்பகுதியை மறக்கக் கூடாது.

6 ஏப்ரல்

மூன்று வாரம் இந்த விவாத இழை தூங்கிவிட்டது. எழுப்புவதற்கு ஒரு நல்ல கதை.

1937-இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் ஆய்வுக்கு வந்த சீன இளைஞர் மூவரில் லூ குவெய்-ஜென் என்ற பெண்மணி ஒருவர். அவர் தேடி வந்தது அத்துறையில் பெயர் பெற்றிருந்த ஜோசப் நீதம், டோரதி நீதம் தம்பதியரின் ஆய்வுக்கூடத்தை. ஜோசப் நீதம் அவரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவரிடமே சீனம் கற்றுக்கொண்டார். பழக்கம் கூடக் கூட நீதமை ஒரு கேள்வி அரித்தது: அறிவிலும் ஆய்வுத் திறத்திலும் இவர்கள் எனக்குச் சமமாக இருக்கிறார்கள், அப்படியிருக்க, நவீன அறிவியல் ஏன் ஐரோப்பாவில் பிறந்தது, சீனத்தில் பிறக்கவில்லை? 1943-இல் போர்க்காலச் சோங்சிங்குக்குப் போய், 1946 வரை சீனத்தின் உள்நாடெங்கும் சுற்றி, ஆய்வாளர்களுக்குக் கருவிகளும் நூல்களும் கிடைக்க உதவிக்கொண்டே, தமக்கு வேண்டிய பழம் நூல்களையும் திரட்டினார். அச்சும் காந்த ஊசியும் வெடிமருந்தும் மட்டுமல்லாமல், சீனரின் அறிவியல், தொழில்நுட்பம் முழுவதையும் துறை துறையாக ஆராயும் பெருந்தொகுதியின் முதல் நூல் 1954-இல் வந்தது. அவர் 1995-இல் இறந்தபோதும் பணி முடிந்திருக்கவில்லை.

முதல் தொகுதியை அவர் யாருக்குப் படைத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கன்ஃபூசியஸுக்கு அன்று; லூ குவெய்-ஜெனின் தந்தைக்கு, நான்ஜிங் நகரத்தில் மருந்து வணிகம் செய்தவருக்கு. மகள் நவீன அறிவியல் படிக்கட்டும் என்று அனுப்பியவர், நம் முன்னோர் மருத்துவத்தையும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதே என்று சொல்லி வளர்த்தவர். வீட்டு முன்கூடத்தில் ஒரு மனிதர் சொன்னது மகள் வழியாகக் கடல் கடந்து, அத்தனை பக்கங்களுக்கு விதையாயிற்று.

டோரதி 1987-இல் இறந்தபின், 1989-இல், எண்பது வயதைத் தாண்டியவர்களாக நீதமும் லூவும் மணந்துகொண்டார்கள். இரண்டாண்டில் லூ இறந்தார்.

7 ஏப்ரல்

காதலித்தால்தான் மதிக்க முடியும் என்கிறீர்களா என்று ஒருவர் கிண்டல் செய்கிறார். இல்லை. நீதமின் காதல் அவரை ஏமாற்றவும் செய்தது என்பவர்கள் உண்டு. 1952-இல் கொரியப் போரில் அமெரிக்கா கிருமி ஆயுதம் பயன்படுத்தியதா என்று ஆராயப்போன குழுவில் இருந்து, சீனத் தரப்பின் குற்றச்சாட்டை ஏற்றுக் கையொப்பமிட்டார். அதன்பின் நெடுங்காலம் அமெரிக்கா அவருக்கு விசா தரவில்லை. தமக்குத் தெரிந்த சீன அறிவியலாளர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கையொப்பத்தில் பெரும்பங்கு வகித்தது. ஒருவரை நன்கு அறிவது அரசு ஒன்றை நன்கு அறிவதாகாது.

எதிர்ப்பக்கத்தில் ஆர்தர் வேலி நிற்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் படங்களைப் பட்டியலிடும் வேலையில் இருந்துகொண்டு, தாமே சீனமும் ஜப்பானியமும் கற்று, 1918-இல் 170 சீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். ஆங்கிலம் படிக்கும் உலகுக்குச் சீனக் கவிதையைக் கொண்டுவந்ததில் அவர் பங்கு மிகப் பெரியது. அவர் வாழ்நாளில் சீனம் சென்றதே இல்லை. போய்ப் பார்க்காமல் புகழ்ந்தவர் என்று வால்டேரைத் தாளித்தேனே, வேலியை என்ன செய்வது? ஒரு விடை தோன்றுகிறது. வேலி சீனத்தைப் புகழவில்லை. ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை வைத்து நாற்பது ஐம்பதாண்டுகள் உட்கார்ந்திருந்தார். பிரம்பு பிடிக்கக் கை ஒழியவில்லை.

12 ஏப்ரல்

தொடக்கக் கேள்வியை அடியோடு மறந்துவிட்டோம் என்று கேட்டவரே நினைவூட்டுகிறார்.

சியாவோஹோங்ஷு விவகாரத்தைப் பார்த்தபோது முதலில் எனக்கும், இதோ இன்னோர் இரவல் பிரம்பு என்றுதான் தோன்றியது. டிக்டாக்கைத் தடை செய்த தம் அரசின்மீது கோபம். அதற்காகவே இன்னும் சீனமான ஒரு செயலிக்குள் நுழைந்து, வாஷிங்டனுக்குக் கேட்கட்டும் என்று பெய்ஜிங்கைப் புகழ்ந்தார்கள். லைப்னிட்ஸ் செய்ததும் இதுதான். அவருக்கு முன்னுரை எழுதும் பொறுமை இருந்தது.

ஆனால் அந்தப் பக்கங்களில் சில மணி நேரம் சுற்றியபின் வேறொன்றும் கண்ணில் பட்டது. புதிதாக வந்தவரிடம் சீனர்கள் நுழைவு வரியாகப் பூனைப் படம் கேட்டார்கள்; இவர்கள் தத்தம் பூனைகளை வரிசையாகக் காட்டினார்கள். சீன மாணவர்கள் ஆங்கில வீட்டுப்பாடத்தை முன்னால் நீட்டி, இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு உள்ளே போங்கள் என்றார்கள். இரண்டு பக்கத்தாரும் மளிகைச் செலவையும் மருத்துவச் செலவையும் ஒப்பிட்டு, உங்கள் ஊரில் இது நிஜமாகவே இப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். ஆம்புலன்ஸுக்கு என்ன கட்டணம் என்று கேட்பவரிடத்தில் மொந்தெஸ்கியூவின் சாயல் இருக்கிறது. ரயிலைப் பார்த்து வாய் பிளப்பவரைவிட அவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்த அமளியில் இரண்டு வகையும் கலந்தே இருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டவரின் ‘இப்போதுதான்’ என்ற சொல்லை மட்டும் இனியும் ஏற்க மாட்டேன்.

19 ஏப்ரல்

ஃபோஷான் கணக்காளர் அம்மையாருக்கு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் எழுதி, லூ சுன்னின் பல்லக்குத் தூக்கிகளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், அன்று முற்றத்தில் என்னிடம் பேசியபோது அந்தக் கட்டுரை அவர் மனத்தில் இருந்ததா என்று கேட்டிருந்தேன். இந்த இழைக்கு அழகான முடிவு கிடைக்கும் என்ற பேராசைதான்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. லூ சுன்னைப் பள்ளிப் பாடத்தில் வைத்து நெட்டுருப் போட வைத்தார்கள். அதனால் அவரைக் கண்டாலே ஓட்டம். மாணவரின் மூன்று அச்சங்கள் என்று அங்கே ஒரு சொலவடை உண்டாம்: ஒன்று பழஞ்சீனம், இரண்டு கட்டுரை எழுதுவது, மூன்று சோ ஷூ-ரென். மூன்றாமவர் வேறு யாருமில்லை, லூ சுன்னின் இயற்பெயர் அது. அன்று அவர் மனத்தில் இருந்தது, பெட்டி ஏன் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே.

கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: ‘மாய்’ இப்போதாவது சரியாகச் சொல்ல வருகிறதா? குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். நான் இன்னும் விற்க வந்தவனாகத்தான் கேட்கிறதாம்.